முகத்துவாரம் திறந்திருக்கிறதா?

என்னுடைய இடது கால் செருப்பு ஒன்று அடையாற்றுச் சேற்றுக்குள் கிடக்கிறது. 2011 மார்ச்சில் புதைந்தது. ரப்பர் செருப்பு என்பதால் இன்றும் அப்படியே இருக்கும்.

அப்போது எனக்குப் பறவை பார்க்கும் பைத்தியம் புதிதாகப் பிடித்திருந்தது. கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். எதையும் அட்டவணை போட்டுத்தான் செய்வேன். சென்னைத் துறைமுகத்தில் கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஏற்ற வற்ற அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு நீர் வற்றியிருக்கும், சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும், உள்ளான்கள் இறங்கி மேயும் என்று கணக்குப் போட்டு உடைந்த பாலத்துப் பக்கம் போனேன். அங்கே நீர் வற்றவே இல்லை. கரை முட்ட, மை மாதிரி, அசையாமல் நின்றது. ஓரத்தில் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதை நம்பி நாலு அடி வைத்தேன். ஐந்தாவது அடியில் தொடை வரை உள்ளே போய்விட்டேன்.

வீச்சுவலையும் கையுமாக அந்தப் பக்கம் வந்த பெரியவர் ஒருவர்தான் காப்பாற்றினார். "காலை இழுக்காதே தம்பி, இழுத்தால் இன்னும் இறங்கும். பின்னால் சாய்ந்து உட்கார், உடம்பைப் பரப்பு" என்றார். ஒரு சவுக்குக் கழியைக் குறுக்கே போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்கச் சொன்னார். கால் மணி நேரம் ஆயிற்று. ஒற்றைச் செருப்போடு கரையில் உட்கார்ந்து, நனைந்துபோன அட்டவணையை எடுத்து அவரிடமே முறையிட்டேன். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"முகத்துவாரம் அடைத்து மூன்று வாரம் ஆகிறது. கடல் உள்ளே வராத ஆற்றில் ஏற்றம் ஏது, வற்றம் ஏது?"

பிறகு என் கோலத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "இனிமேல் வருவதாக இருந்தால் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு வா" என்றார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் ஆற்றுப் பக்கம் போனதில்லை.

அடையாறு சின்ன ஆறு, ஏறத்தாழ 42 கிலோமீட்டர். செம்பரம்பாக்கம், ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர்தான் அதன் முதல். மழை ஓய்ந்த பிறகு மேலேயிருந்து வருவதில் பெரும்பகுதி நகரத்தின் சாக்கடை. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையே பாலம் போட்டு இந்த ஆற்றைத் தாண்டுகிறது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கடந்து, வடக்கே சீனிவாசபுரத்துக்கும் தெற்கே ஊரூர் குப்பத்துக்கும் நடுவில் கடலைத் தொடுகிறது. தொட வேண்டும் என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் ஆண்டில் பல மாதங்கள் தொடுவதில்லை.

காரணம் மணல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையில் சாய்வாக வந்து விழுந்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திசை திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். மெரினாவுக்கு அத்தனை அகலமான மணல் கிடைத்ததும் இதனால்தான்: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்துக்குக் கட்டிய தடுப்புச் சுவர் வடக்கே போகிற மணலை வழியில் மறித்துக்கொண்டது. குப்பத்தில் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வண்ணி என்றும் சொல்வார்கள். தெண்டி ஓடுகிற கோடையில், வருகிற மணலை எதிர்த்துத் தள்ள ஆற்றில் நீர் இருக்காது. மணல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு வாயை மூடிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூடச் சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அந்த வலு மணலை அறுத்துக்கொண்டு போகப் போதாது. அடைகிற ஆறு என்பதால்தான் அடையாறு என்று என் மனைவி கேலி செய்வாள்.

திறந்திருக்கிறதா என்று கேட்க ஆள் கிடைக்காவிட்டால் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடித்துவிடலாம். கோட்டூர்புரத்திலிருந்து கிரீன்வேஸ் சாலைக்குப் பறக்கும் ரயிலில் போகும்போது வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். பாலத்தின் மேல் போகும் அந்த அரை நிமிடம் போதும். நீர் பழுப்பாக, விளிம்பில் ஈரச் சேறு ஒரு பட்டையாகத் தெரிந்தால் கடல் உள்ளே வந்து போகிறது என்று பொருள். கரை முட்டக் கறுப்பாக நின்று, மேலே குமிழி விட்டால் வாய் அடைத்திருக்கிறது. அழுகிய முட்டை நாற்றமும் அப்போதுதான் எடுக்கும். உயிர்வாயு தீர்ந்துபோன நீரில், அது இல்லாமலே வாழ்கிற நுண்ணுயிர்கள் கடல்நீரில் உள்ள கந்தகத்தைத் தின்று வெளிவிடுகிற வாயு அது. நகரவாசிகள் அந்த நாற்றத்துக்குச் சாக்கடையைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் அதே சாக்கடை, வாய் திறந்திருக்கும் மாதங்களிலும் வருகிறது. அப்போது அவ்வளவு நாறுவதில்லை.

வாய் திறந்திருக்கும் நாளில், நீர் இறங்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துக் கரையில் போய் உட்கார்ந்தால் நல்ல காட்சி கிடைக்கும். முதலில் வெறும் சேறும் அதில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குத் துளைகளும்தான் இருக்கும். நம் நிழல் விழுந்ததும் எல்லாம் உள்ளே போயிருக்கும். பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு ஒரு துளையில் இரண்டு கண்கள் காம்பின் மேல் எழும். அடுத்த துளையில் இன்னொன்று. கடைசியில் சேறு முழுவதும் சின்னச் சின்ன நண்டுகள். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது; அதைத் தூக்கித் தூக்கி, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி ஆட்டும். சாப்பிடுவதெல்லாம் மற்றச் சின்னக் கொடுக்கால். சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, அதிலுள்ள பாசியையும் மக்கையும் சலித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருண்டையாக வெளியே வைக்கும். பெண்ணுக்கு இரண்டு கொடுக்கும் சிறிது, அதனால் இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிடுகிறது. ஆணுக்குச் சாப்பிட ஒரே கைதான். இதைப் பார்த்துச் சிரித்த என் மனைவி, அன்றிலிருந்து என் கையில் செல்போன் இருக்கும்போதெல்லாம் பெரிய கொடுக்கு என்கிறாள்.

ஏற்றம் உள்ளே வரும்போது மடவை மீன்கள் கடலிலிருந்து நுழைந்து துள்ளும். ஆலாக்கள் தலைகீழாக விழுந்து குஞ்சு மீன்களைக் கொத்தும். ஒரு டிசம்பர் காலையில் விராலடிப்பான் ஒன்று மடவையைத் தலை முன்னே இருக்கும்படி காலில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பாலத்துப் பேருந்துகளுக்கு மேலே பறந்து போனதைப் பார்த்தேன். பேருந்தில் இருந்த ஒருவரும் நிமிரவில்லை.

பறவைக் கணக்கில் நான் செய்த பெரிய பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நெடுங்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் நிற்பதைப் பார்த்து ஆறு தேறிவிட்டது என்று நண்பர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்கடைச் சேற்றில் சிவப்புப் புழுக்கள் பெருகும். கொசு மாதிரி இருந்தும் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் இளம்பருவம் அவை. உயிர்வாயு குறைந்த இடத்திலும் பிழைக்கும். அந்தப் புழுவுக்காகத்தான் நெடுங்கால் உள்ளான்கள் கூடுகின்றன. ஜிலேபிக் கெண்டை மட்டும் ஏராளமாக இருப்பதும் அதே கதைதான். எத்தனை பறவை என்று எண்ணுவதைவிட எத்தனை வகை, என்ன தின்னுகிறது என்று குறிப்பதுதான் பயன். மீன்பிடிக்கிற ஆலா, சிறு நண்டு பொறுக்குகிற உப்புக்கொத்தி, ஆழ நீரில் மூழ்குகிற நீர்க்காகம் மூன்றும் ஒரே காலையில் கண்ணில் பட்டால் அன்று ஆற்றுக்கு நல்ல நாள் என்று என் நோட்டில் எழுதுகிறேன்.

அந்த நோட்டு தடித்த பிறகுதான் எனக்குப் பழைய கதைகளில் ஆர்வம் வந்தது. எதைப் படித்தாலும் முகத்துவாரம் எட்டிப் பார்த்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்களின் சிறுபடை ஒன்று ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பெரும்படையை இந்த ஆற்றங்கரையில் தோற்கடித்தது. ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சில நூறு துப்பாக்கிகள் பல்லாயிரம் பேரைச் சிதறடிக்கும் என்று இந்தியாவுக்குத் தெரிந்த இடங்களில் இது முக்கியமானது. பாரடிஸ் என்பவரின் தலைமையில் வந்த அந்தப் படை ஆற்றைக் காலால் நடந்தே கடந்தது. வரலாற்று நூல்கள் அதைத் துணிச்சல் என்கின்றன. எனக்கோ, முகத்துவாரத்து மணல்திட்டின் மேல் வலையோடு இடுப்பளவு நீரில் நடந்து போகிற குப்பத்துப் பையன்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

சண்டை நடந்த பக்கத்தில் குயிபிள் தீவு என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று அங்கே போனால் தீவாகவே தெரியாது. அடுக்குமாடிகளும் ஒரு கல்லறைத் தோட்டமும்தான். ஆற்றின் வடகரையிலிருந்து குதிரை லாடம் மாதிரி வளைந்து போன ஓர் உப்பங்கழி, நிலத்தைச் சுற்றிக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. 1877, 78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க எட்டு கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். கவர்னர் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. பசித்த கூலிகள் வெட்டிய அந்தக் கால்வாயின் மேல்தான் நூற்றிருபது ஆண்டு கழித்துப் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கீழே எட்டிப் பார்த்தால் தெரியும்.

தென்கரை பிழைத்தது ஒரு தற்செயலால். 1882இல் பிரம்மஞான சபை தன் தலைமையகத்தை இங்கே மாற்றியது. ஹட்டில்ஸ்டன் தோட்டத்தில் தொடங்கிப் பக்கத்து நிலங்களையும் சேர்த்துக்கொண்டது. வேலிக்குள் இருந்ததால் மட்டுமே அந்தக் கரை காடாக மிஞ்சியிருக்கிறது. பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்த பிறகும் விழுதுகள் நிற்கின்றன. வேலி இல்லாத வடகரைக் கழியில் என்ன நடந்தது என்பதற்கு எம்.ஆர்.சி. நகரில் நின்று சுற்றிப் பார்த்தால் போதும். 1990களில் கட்டடங்களை எதிர்த்து நீதிமன்றம் வரை போனவர்கள் இல்லாவிட்டால் மிச்சமும் போயிருக்கும். கழியும் கழிமுகமுமாகச் சேர்த்து 358 ஏக்கர் என்று வரையறுத்து, அதில் 58 ஏக்கரை முதலில் மீட்டுத் தொல்காப்பியப் பூங்காவாக 2011 ஜனவரியில் திறந்தார்கள். கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிய பள்ளம் அது. இப்போது அலையாத்திச் செடிகள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

நான் புதைந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த உடைந்த பாலம், 1967இல் குப்பத்து மக்கள் இரு கரைக்கும் போய்வரக் கட்டியது. 1977இல் ஆற்று வேகத்தில் இடிந்தது. பத்தே வருடம். இன்று காதலர்களும் படப்பிடிப்புக்காரர்களும் அதைத் தேடி வருகிறார்கள், மீன்காரப் பெண்கள் கூடையோடு திரு.வி.க. பாலம் வரை சுற்றிப் போகிறார்கள்.

2015க்கு வருகிறேன். அப்போது கோட்டூர்புரத்தில் ஆற்றிலிருந்து மூன்று தெரு தள்ளித் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். ஆற்றைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆதனூர், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்தும் நிரம்பியும் விட்ட நீர் தனி. நான் ஏற்ற வற்ற அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு, வற்றம் வந்தால் வடிந்துவிடும் என்று மனைவியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அவள் அதைக் காதில் வாங்காமல் சான்றிதழ்களையும் மாமியாரின் மாத்திரைகளையும் மாடி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதிகாலையில் தண்ணீர் சுவிட்சுப் பலகையைத் தொட்டது. வடிந்த பிறகு கதவைத் தள்ளித் திறந்தபோது கணுக்கால் அளவு கறுப்புச் சேறு, 2011இல் என் செருப்பைத் தின்ற அதே நாற்றத்தோடு. என் பறவை நோட்டு போயிற்று. இன்று வைத்திருப்பது இரண்டாவது நோட்டு.

அதன் பிறகு மூன்று முறை வீடு மாறியிருக்கிறோம். தரகர் சொல்வதைக் கேட்பதில்லை. தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும், 2005 வெள்ளம் எதுவரை வந்தது, 2015 வெள்ளம் எதுவரை வந்தது என்று இரண்டு கேள்வி கேட்பேன். கையை நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கைதான் எனக்கு அளவுகோல். ஒரு தெருவில் மின் மீட்டர் பெட்டிகள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டியிருந்தால், அந்தத் தெரு ஒருமுறை அடிபட்டிருக்கிறது. வெயிலில் வீடு பார்க்கவே கூடாது. நவம்பரில் நல்ல மழை நாளில், குடையோடு போக வேண்டும். பத்திரத்தோடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் பார்க்க வேண்டும். 2011 அறிவிக்கைப்படியும் அதற்குப் பின் வந்த 2019 அறிவிக்கைப்படியும், கடலின் ஏற்றம் ஆற்றுக்குள் எதுவரை வருகிறது என்பதை வறண்ட காலத்தில் எடுக்கும் உப்பளவைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். லிட்டருக்கு ஐந்து கிராம் உப்பு எங்கே முடிகிறதோ அதுவரை. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் இருக்கும். இதைப் படித்தபோது கணக்கன் மூளை விழித்துக்கொண்டது. வறண்ட காலத்தில்தானே முகத்துவாரம் அடைகிறது? கடல் வராத, சாக்கடை மட்டும் வருகிற மாதத்தில் அளந்தால் கோடு எங்கே விழும்? அடைப்பு நீடித்தால் சட்டத்தின் எல்லையும் கடலை நோக்கிப் பின்வாங்கும் போலிருக்கிறது. வரைபடத்தில் உங்கள் மனை கோட்டுக்கு வெளியே இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில் அளந்தது என்று கேளுங்கள்.

மழைக்கு முன் பொக்லைன் வைத்து முகத்துவார மணலை அறுத்துவிடுவது ஆண்டுதோறும் நடக்கிற வேலை. அதைப் போய்ப் பார்ப்பது நல்லது. வெட்டிய மணலைத் தென்கரையில் குவித்தால் தெண்டி திரும்பியதும் அதே மணல் திரும்ப வந்து வாயில் விழும். இதை எனக்குச் சொன்னவரும் அந்த வீச்சுவலைப் பெரியவர்தான்.

முதல் முறையாகப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். காலையில் திரு.வி.க. பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் சூரியன் கண்ணைக் குத்தும், பறவையெல்லாம் கறுப்பு நிழல்; அங்கே மாலையில் போங்கள். காலை என்றால் கடல் பக்கம் போய் மேற்கே பாருங்கள். பின்பட்டை உள்ள செருப்பு வேண்டும், தனியாகச் சேற்றில் இறங்க வேண்டாம், காய்ந்து வெடித்த மண்ணை நம்பவே வேண்டாம். கரையோரம் உமரிக்கீரை தளதளவென்று இருக்கும். சாக்கடை குடித்து வளர்ந்தது, பறிக்காதீர்கள். குப்பத்துக்குள் கேமராவை நீட்டிக்கொண்டு நுழைவது பிறர் வீட்டுக் கூடத்தில் நுழைவதுபோலத்தான். வலை சரிபார்க்கிறவரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், மீன் வாங்குங்கள், பேச்சு தானாக வரும். ஆற்று மீன் வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். கடல் மீனைக் காட்டுவார்கள்.

பெரியவருக்கு இப்போது வலை வீச முடிவதில்லை. போன வாரம் அவர் மகனுக்குத் தொலைபேசினேன். வழக்கமான கேள்வியைத்தான் கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து பெரியவரின் குரல் கேட்டது.

"நேற்று ராத்திரி தெண்டி ஆரம்பித்துவிட்டது. வருவதாக இருந்தால் இந்த வாரமே வரச் சொல். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்."